ஆணி போன பிறகும் தொங்கின துப்பாக்கி

ஊசிமலையில லைசன்ஸ் துப்பாக்கி வச்சிருக்கிறவங்க மொத்தம் எட்டுப் பேரு. அதுல ஏழு பேரு தோட்டத்துக்குக் காவலா வச்சிருக்காங்க. ராயப்பன் மட்டும் பேச்சுக்குத் துணையா வச்சிருக்காரு. அவரு பொய் சொல்றாருன்னு ஊர்ல யாரும் சொல்ல மாட்டாங்க. நடந்தத நடந்த மாதிரியே சொல்றதுக்கு எதுக்கு ஒரு வாயிங்கிறது அவரு கட்சி.

அவரு வீட்டு வளைவுல ஒரு பஸ் நிறுத்தம் உண்டு. அதுக்குப் பேரு 'துப்பாக்கி வீடு'. போர்டு கீர்டு எதுவும் கெடையாது. கண்டக்டர் வாயில இருக்கிறதுதான் பேரு. முப்பத்தோரு வருசத்துக்கு முந்தி, மரவள்ளித் தோட்டத்துல பன்னித் தொந்தரவு தாங்காம ராயப்பன் லைசன்ஸ் வாங்குனாரு. பக்கத்து வீட்டுச் சூசையும் அதே நாள்ல, அதே கடையில, அதே மாதிரி ஒத்தக்குழல் துப்பாக்கி ஒண்ணு வாங்குனாரு. சூசை, ராயப்பன் சம்சாரம் மதலேனோட கூடப்பொறந்த தம்பி. ரெண்டு பேரும் ஒரே பஸ்லதான் திரும்பி வந்தாங்க. சூசை டிக்கெட் மட்டும் வாங்குனாரு. ராயப்பன் கண்டக்டர் கூட வீடு வர்ற வரைக்கும் பேசிக்கிட்டு வந்தாரு. அதுலருந்து அந்த நிறுத்தம் துப்பாக்கி வீடு ஆயிருச்சு. கல்யாணப் பத்திரிகையில கூட 'துப்பாக்கி வீட்டு ராயப்பன்' அப்டின்னுதான் போடுவாங்க. அதப் படிக்கிறப்ப அவருக்கு நெஞ்சுக்குள்ள ஒரு குளிர்ச்சி வரும்.

தேர்தல்னு அறிவிச்சா லைசன்ஸ் துப்பாக்கி எல்லாத்தையும் போலீஸ் ஸ்டேஷன்ல ஒப்படைச்சிரணும். தேர்தல் முடிஞ்சு ரசீதக் காட்டித் திருப்பி வாங்கிக்கலாம். எல்லாத் தேர்தலுக்கும் நடக்கிறதுதான். ஆனா இந்தத் தடவ ஒரு புது ஏற்பாடு வந்துருச்சு. ஜில்லாத் தலைமையிடத்துலருந்து துப்பாக்கி பார்க்கிற ஏட்டம்மா ஒருத்தங்க வருவாங்க, பேரு பரிமளம். ஒவ்வொரு குழலுக்குள்ளயும் கம்பியில வெள்ளத் துணியச் சுத்தி விட்டு எடுப்பாங்க. துணி வெள்ளையா வந்தா துப்பாக்கி வீட்டுக்குப் போகலாம். துரு பட்டுச் செவப்பா வந்தா அது ஸ்டேஷன்லயே தங்கும். ஒழுங்கா வச்சுக்கத் தெரியாதவருக்கு லைசன்ஸ் எதுக்குன்னு தாசில்தாருக்கு ஒரு கடுதாசியும் போகும். ஸ்டேஷன் எழுத்தரு முத்துராசா இத எட்டுப் பேருக்கும் போன் பண்ணிச் சொல்லியிருந்தான். ராயப்பன் அன்னையிலருந்து சரியாச் சாப்பிடல.

ஏன்னா, அந்தக் குழலுக்குள்ள துணி போயிப் பதினாலு வருசம் ஆச்சு. அதுக்கு மறுவாரம் ஒரு காட்டுமாடு தோட்டத்துக்குள்ள எறங்கி நின்னுச்சுன்னு வானத்தப் பார்த்து ஒரு வெடி வெடிச்சாரு. தொடச்சு எண்ணெய் போடணும்னு நெனச்சாரு. நெனச்சதோட சரி. அப்புறம் தேர்தலுக்கு எறக்குறதத் தவிர, செவுத்து ஆணியில மாட்டினது மாட்டினபடிதான். தேர்தலுக்கு ஒப்படைக்க எடுத்தப்ப மதலேன் அதக் கவுத்துச்சு. உள்ளாற உப்பு டப்பா குலுங்குற மாதிரி ஒரு சத்தம். "என்னங்க இது"ன்னு கேட்டுச்சு. துப்பாக்கின்னா உள்ள ஏதாவது இருக்கத்தான் செய்யும்னு சொல்லிட்டு வாங்கிக்கிட்டாரு.

குறிச்ச நாள் காலையில பத்தரை மணிக்கு எட்டுப் பேரும் ஸ்டேஷன் முன்னால சில்வர் ஓக் மரத்தடியில பெஞ்சில உக்காந்திருந்தாங்க. முத்துராசா துப்பாக்கிகள எடுத்துட்டு வந்தான். பேரு எழுதிக் கட்டின அட்டையில பசை ருசிக்காக எலி வேலையக் காட்டியிருந்துச்சு. ரெண்டு மூணு அட்டையில பாதிப் பேரு கூட மிச்சமில்ல. அவன் குத்துமதிப்பா நீட்ட நீட்ட, அவங்கவங்க அடையாளம் பார்த்து வாங்கிக்கிட்டாங்க. ராயப்பன் பார்க்கல. பார்க்கத் தைரியம் இல்ல. கையில கொடுத்தத, குலுங்குனா சத்தம் வந்துருமேன்னு கைப்புள்ளையத் தூக்குற மாதிரி ரெண்டு கையால வாங்கி மடியில வச்சுக்கிட்டாரு. சூசை தனக்கு வந்ததக் கொஞ்சம் கவுத்துப் பார்த்தாரு. குழல் வாயில ஒத்தக் கண்ண வச்சுப் பார்த்தாரு. அப்புறம் ராயப்பன ஒரு பார்வை பார்த்தாரு. தாழ்வாரத்துல நின்ன ஏட்டம்மாவப் பார்த்து, மேடம், நான் கடைசியா வர்றேன்னு மட்டும் சொல்லிட்டு உக்காந்துட்டாரு.

ராயப்பன் முத்துராசாவத் தனியாக் கூப்பிட்டு, ஏட்டம்மா எம்புட்டு நேரம் இருப்பாங்கன்னு விசாரிச்சாரு. பன்னெண்டு மணிக்கு ஜீப் வந்துரும், அடுத்த ஸ்டேஷன்ல மத்தியானம் வேலை இருக்கு, அதுக்குள்ள பார்க்க முடியாத துப்பாக்கிக்கு வெறும் கையெழுத்துப் போட்டுக் குடுத்துருவாங்கன்னு அவன் சொன்னான். ராயப்பனுக்கு உசுரு திரும்பி வந்துச்சு. அவருக்கு முன்னால ஆறு பேரு. பன்னெண்டு மணி வரைக்கும் ஓட்டணும். ஓட்டுறதுக்கு அவருகிட்ட இருக்கிறது வாய் ஒண்ணுதான். அது போதும்னு பெஞ்சுக்குத் திரும்பி வந்தாரு.

ஏட்டம்மா தாழ்வாரத்துல மேசை போட்டு வேலைய ஆரம்பிச்சிட்டாங்க. மொதத் துப்பாக்கி போச்சு, துணி வெள்ளையா வந்துச்சு. ரெண்டாவதும் அப்படித்தான். அந்த வேகத்துல போனா பதினொண்ணுக்கெல்லாம் தன் முறை வந்துரும்னு ராயப்பன் கணக்குப் போட்டாரு. அவரு பெஞ்சுக்காரங்களப் பார்த்து, ஆனா தாழ்வாரத்துக்குக் கேட்குற மாதிரி, இதெல்லாம் ஒரு சுத்தமாய்யான்னு ஆரம்பிச்சாரு. என் குழலுக்குப் போடுற எண்ணெய் மாதிரி போட்டா துணியே தேவையில்ல, நீங்கல்லாம் கடையில வாங்கி ஊத்துறவங்க. விளக்கெண்ணெய் பாதி, தேங்காயெண்ணெய் பாதி, மலைத்தேன் மெழுகு ஒரு கொட்டப்பாக்கு அளவு, அதோட மூணு சொட்டு எலுமிச்சச் சாறு. காய்ச்சி எறக்கி ஆறவச்சு ஒரு கோழி எறகால தடவணும். அம்புட்டுதான்.

ஆரஞ்சுத் தோட்டம் வச்சிருக்கிற தவசி சும்மா இருக்கிற ஆளில்ல. எலுமிச்சை பட்டா இரும்பு கறுத்துப் போகுமேன்னு கேட்டாரு.

"பட்டாத்தான தவசி? அந்த எண்ணெய் வழுக்குற வழுக்கல்ல சாறு இரும்பத் தொடவே இல்லையே."

அந்த வழுக்கல் எப்படிப்பட்டதுன்னு அப்புறம் விளக்குனாரு. ஒரு நாள் ஒரு ஈ குழல் மேல உக்காரப் பார்த்துச்சு. கால வச்சதுதான் தெரியும், வழுக்கிருச்சு. மலைய விட்டு எறங்கி வத்தலக்குண்டுலதான் போயி நின்னுச்சு. அது வத்தலக்குண்டு போனத யாரு பார்த்தான்னு தவசி கேட்டாரு. நான் பார்க்கல, ஆனா சாயங்காலம் பஸ்ல திரும்பி வந்துச்சு, கண்டக்டரக் கேட்டுக்கோன்னாரு ராயப்பன். இன்னொரு தொல்லை என்னன்னா, ஈய ரவை போட்டு வச்சா விசையத் தொடுறதுக்கு முன்னாலயே ரவை தானா வழுக்கி வெளிய வந்துரும். குழல எப்பவும் மேல பார்த்துத்தான் தூக்கிட்டு நடக்கணும். ஒரு தடவ பள்ளத்துல எறங்குறப்ப லேசாச் சாஞ்சிருச்சு, வழி நெடுக ரவை கொட்டிருச்சு. தவசி வீட்டுக் கோழி கடுகுன்னு பொறுக்கித் தின்னுட்டு மூணு நாள் எந்திரிக்க முடியாமக் கெடந்துச்சு.

"என் கோழி சீக்குல கெடந்துச்சுய்யா."

"சீக்குன்னு நீ நெனச்ச."

தாழ்வாரத்துலருந்து ஏட்டம்மா தலையத் தூக்காமலே, ரவை போட்டு எதச் சுட்டீங்கன்னு கேட்டாங்க. ராயப்பன் எந்திரிச்சு நின்னு, எதையும் சுடல மேடம், வானத்தப் பார்த்து ஒரு வெடி, பன்னிக்குத் தகவல் சொல்றதுக்குன்னாரு. ஏட்டம்மா அடுத்த துப்பாக்கியக் கொண்டாங்கன்னாங்க. அது நாலாவது.

மணி பதினொண்ணு அடிச்சிருச்சு. எண்ணெய்க் கதை பத்தாதுன்னு ராயப்பனுக்குப் புரிஞ்சு போச்சு. மழைய எடுத்தாரு. ஒரு வருசம் நாப்பத்தோரு நாள் விடாத மழை. பனி சட்டைப் பைக்குள்ள புகுந்து உக்காந்துக்கிட்டு எறங்க மாட்டேன்னுச்சு. அந்த வருசம் ஊர்ல இருந்த இரும்பெல்லாம் துருவாப் போச்சு. காலையில செவுத்துல சாத்தி வச்ச மண்வெட்டி சாயங்காலம் வெறும் காம்பா நிக்குது, கீழ தேயிலைத் தூள் மாதிரி ஒரு குவியல். மதலேன் தேயிலைன்னு நெனச்சு அள்ளிப் போட்டு டீ போட்டுருச்சு. அந்த டீயக் குடிச்ச என் மாமனாரு இன்னைக்கும் இரும்பா இருக்காரு, வயசு தொண்ணூத்தி ரெண்டு.

மாமனாருன்னா சூசையோட அப்பா. எல்லாரும் சூசையப் பார்த்தாங்க.

"எங்கப்பா செத்துப் பன்னெண்டு வருசமாச்சு மச்சான்."

"அதுவரைக்கும் இரும்பா இருந்தாரா இல்லையா மாப்ள?"

சூசை கொஞ்சம் யோசிச்சாரு. இருந்தாருன்னு ஒத்துக்கிட்டாரு. ராயப்பனுக்கே ஆச்சரியம். சூசை எப்பவும் பாதிக் கதையில எந்திரிச்சுப் போயிருவாரு. இன்னைக்கு என்னமோ சப்பணம் போட்டு உக்காந்திருக்காரு. அந்த உற்சாகத்துல ராயப்பன் இன்னொரு படி ஏறுனாரு. அம்புட்டு மழையிலயும் என் துப்பாக்கிய முத்தத்துலதான் சாத்தி வச்சிருந்தேன். மேல ஒரு கூரை கெடையாது. மழை நேரா எறங்கி வரும். குழலப் பார்த்ததும் ஒரு கணம் நிக்கும். அப்புறம் ஒதுங்கிப் பக்கத்து வீட்டு மேல பெய்யும். சூசை வீடு ஒழுக ஆரம்பிச்சது அன்னையிலருந்துதான்.

"ஒழுகுறது நெசம்தான்"னு சூசை சொன்னாரு. தவசி அவரத் திரும்பி ஒரு மாதிரி பார்த்தாரு. உனக்கு என்னய்யா ஆச்சுங்கிற பார்வை அது.

ஆறாவது துப்பாக்கியும் வெள்ளத் துணியோட வெளிய வந்துருச்சு. மணி பதினொண்ணு இருபது. ஏட்டம்மா நோட்டப் பார்த்து ராயப்பன்னு கூப்பிட்டாங்க. அவரு துப்பாக்கிய நெஞ்சோட அணைச்சுக்கிட்டு மேசைக்குப் போனாரு. ஏட்டம்மா கைய நீட்டுனாங்க. அவரு துப்பாக்கியக் குடுக்கல. மேடம், குடுக்கிறதுக்கு முன்னால ஒரு விசயம் சொல்லிரணும், இல்லாட்டி நாளப்பின்ன உங்க வேலைக்கு ஏதாவது ஆச்சுன்னா பாவம் எனக்கு வரும்னாரு. ஏட்டம்மா கம்பியக் கீழ வச்சாங்க. அவங்களுக்கு அப்பத்தான் டீ வந்திருந்துச்சு. சொல்லுங்கன்னாங்க.

ராயப்பன் ஆணிக் கதைய எடுத்தாரு. இந்தத் துப்பாக்கி தொங்குறது ஒரு நாலு இஞ்சு ஆணியில. ஒரு மழைக்காலத்துல துருவுக்கு ரோசம் வந்துருச்சு. ஊர்ல எல்லாத்தையும் தின்னாச்சு, இவன் துப்பாக்கி மட்டும் மிச்சம் இருக்கேன்னு. வாசல் கேட்டுத் தாழ்ப்பாள் வழியா ஏறுச்சு. கதவுக் கீலுக்கு வந்துச்சு. ஜன்னல் கம்பிக்கு வந்துச்சு. ஒரு நாளைக்கு ஒரு சாண். நான் கட்டில்ல உக்காந்து பார்த்துக்கிட்டே இருந்தேன் மேடம். ஆணி வரைக்கும் வந்து ஆணியத் தின்னுச்சு. தலையையும் தின்னுச்சு. துப்பாக்கிய மோந்து பார்த்துச்சு. வந்த வழியே எறங்கிப் போயிருச்சு.

"அப்ப துப்பாக்கி கீழ விழுந்திருக்கணுமே?" ஏட்டம்மா டீய ஊதிக்கிட்டே கேட்டாங்க.

"விழல மேடம். ஆணி போனது அதுக்குத் தெரியாது. பதினாறு வருசம் அங்கயே தொங்கிப் பழகிருச்சு, அப்படியே நின்னுச்சு. நானும் சொல்லல. எதுக்குச் சொல்லி அதப் பயமுறுத்தணும்னு விட்டுட்டேன்."

பெஞ்சில யாரும் சிரிக்கல. மணி பதினொண்ணு முப்பத்தஞ்சு. ஏட்டம்மா டீயில இன்னும் கால்வாசி இருந்துச்சு. ராயப்பன் மூச்சு விடாம கிணத்துக்குள்ள குதிச்சாரு. ஒரு காட்டுமாடு தொரத்துனதுல துப்பாக்கி கிணத்துக்குள்ள விழுந்து பதினோரு மாசம் உள்ளாறயே கெடந்துச்சு.

அந்த எடத்துல ஏட்டம்மா டம்ளரக் கீழ வச்சுட்டாங்க. பதினோரு மாசம் துப்பாக்கி காணோம்னா புகார் குடுத்தீங்களான்னு கேட்டாங்க.

"காணாமப் போகல மேடம். எங்க இருக்குன்னு தெரியும். கிணத்துல இருந்துச்சு."

ஏட்டம்மா டம்ளரத் திரும்பக் கையில எடுத்துக்கிட்டு, சரி மேல சொல்லுங்கன்னாங்க. ராயப்பன் வேர்வையத் தொடச்சுக்கிட்டு மேல சொன்னாரு. பதினோரு மாசம் கழிச்சு எடுத்தா, போட்டதவிட மினுமினுன்னு வருது. அது போகட்டும். அந்தக் கிணத்துத் தண்ணிக்கே அந்தக் குணம் வந்துருச்சு. வாளி, சங்கிலி, ராட்டினம் எதுலயும் துரு இல்ல. குடிச்ச முப்பது வீட்டுலயும் இரும்புச்சத்துக் குறைச்சல் இல்லாமப் போயி, நர்சம்மா கொண்டுவந்த மாத்திரைய வந்த பையோட திருப்பி எடுத்துட்டுப் போனாங்க. எங்க தெருவுல ஒருத்தனுக்குக் கால்ல ஆணி குத்திருச்சு. ஆஸ்பத்திரிக்கு ஓடுனான். டாக்டர் ஆணிய எடுத்து வெளிச்சத்துல பார்த்தாரு. இது அந்தக் கிணத்துத் தண்ணி பட்ட ஆணியாச்சே, உனக்கு ஊசி வேண்டாம், போன்னு அனுப்பிட்டாரு.

மணி பன்னெண்டுக்குப் பத்து நிமிசம் இருந்துச்சு. கீழ் வளைவுல ஜீப் சத்தம் கேட்டுச்சு. ராயப்பனுக்கு அழுகையே வர்ற மாதிரி ஒரு சந்தோசம். இன்னும் பத்தே நிமிசம். அடுத்து என்ன, இடிய எடுப்போமா, இல்ல போப்பாண்டவர் வரைக்கும் போயிருவோமான்னு மனசுக்குள்ள தேடிக்கிட்டிருந்தாரு. அதுக்குள்ள ஏட்டம்மா டீய முடிச்சிட்டாங்க.

"நல்லா இருந்துச்சு. துப்பாக்கியக் குடுங்க."

அந்தக் குரல்ல கோவம் இல்ல, சிரிப்பும் இல்ல. ராயப்பன் நெஞ்சுலருந்து துப்பாக்கியப் பிரிச்சு மேசையில வச்சாரு. கண்ண மூடிக்கிட்டாரு. கண்டக்டர் நாளைக்கு என்ன சொல்லிக் கத்துவாருங்கிறது ஒண்ணுதான் அவருக்கு ஓடுச்சு. பலாமரம்னு சொல்வாரு. அந்த வளைவுல அடையாளம் சொல்ல அவரு வீட்டத் தவிர இருக்கிறது ஒரு பலாமரம்தான். முப்பத்தோரு வருசம் துப்பாக்கி வீட்டுல இருந்துட்டு, சாகுற காலத்துல பலாமரத்துல எறங்கணும்.

கம்பி உள்ள போற சத்தம் கேட்டுச்சு. வழுக்கிக்கிட்டுப் போயி வழுக்கிக்கிட்டு வந்துச்சு.

"சுத்தமா இருக்கு"ன்னாங்க ஏட்டம்மா.

ராயப்பன் கண்ணத் தொறந்தாரு. துணி வெள்ளையா இருந்துச்சு. சட்டையாத் தைச்சுப் போட்டுக்கலாம், அம்புட்டு வெள்ளை. பெஞ்சில தவசி வாயப் பொளந்துட்டாரு. ராயப்பன் துணிய ஒட்டிக் குனிஞ்சு பார்த்தாரு. பதினாலு வருசம் எண்ணெய் இல்ல, துணி இல்ல. அப்ப அந்த மழை ஒதுங்குனது? அந்த ஆணி? தான் சொன்னத வாழ்க்கையில முதல் தடவையா அவரே நம்புனாரு. கண்ணுல தண்ணி வந்துருச்சு. "நான்தான் சொன்னேன்ல"ன்னாரு, ஆனா அது யாருக்கும் சொன்ன மாதிரி இல்ல, தனக்குத் தானே சொல்லிக்கிட்ட மாதிரி இருந்துச்சு.

ஏட்டம்மா நோட்டுல எழுதுறதுக்காகத் துப்பாக்கியத் திருப்பி, கைப்பிடிக் கட்டைக்கு மேல இரும்புல வெட்டியிருக்கிற நம்பரப் படிச்சாங்க. நோட்டப் பார்த்தாங்க. இன்னொரு தடவ நம்பரப் பார்த்தாங்க. இது உங்க லைசன்ஸ்ல இருக்கிற துப்பாக்கி நம்பர் இல்லையேன்னாங்க.

சூசை பெஞ்ச விட்டு எந்திரிச்சு, மெதுவா மேசைக்கு வந்தாரு.

"அது என்னுது மேடம். ஞாயித்துக்கிழமை பூசை முடிஞ்சு வந்து வாரம் தவறாமத் தொடப்பேன். ஒரு மணி நேரமா அதப் பத்தி யாரும் இம்புட்டுப் பெருமையாப் பேசிக் கேட்டதில்ல, அதான் கெடுக்க வேண்டாம்னு உக்காந்திருந்தேன். இதுதான் மச்சானோடது."

கையில இருந்தத மேசையில வச்சாரு. வச்ச அதிர்ச்சியில உள்ளாற உப்பு டப்பா குலுங்குச்சு. ராயப்பன் அந்தச் சத்தத்த அடையாளம் கண்டுக்கிட்டாரு.

ஏட்டம்மா கம்பிய விட்டாங்க. மூணு விரக்கடை போயி நின்னுருச்சு. கொஞ்சம் அழுத்துனாங்க. குளவி கட்டின மண்ணுருண்டை ஒண்ணு பொலபொலன்னு உதிர்ந்துச்சு. அது பின்னாலயே செவப்புத் தூள் ஒரு கைப்பிடி நோட்டு மேல கொட்டுச்சு. கடைசியா ஒரு குளவி வெளிய வந்து, சுத்தி நின்னவங்க எல்லாரையும் ஒரு தடவ பார்த்துட்டு ஜன்னல் வழியாப் போயிருச்சு. துணி எடுக்க வேண்டிய அவசியமே வரல.

ஏட்டம்மா நோட்ட உதறிட்டு, கடைசியா எப்பத் தொடச்சீங்கன்னு கேட்டாங்க.

ராயப்பன் தலையக் குனிஞ்சுக்கிட்டாரு. "பதினாலு வருசமாச்சு மேடம்"னாரு. அன்னைக்குக் காலையிலருந்து அவரு பேசுனதுல நெசம் அது ஒண்ணுதான். பெஞ்சே கொல்லுன்னு சிரிச்சிருச்சு. இதுக்கு அந்த ஈயே பரவாயில்ல, பதினாலு வருசத்துல இம்புட்டுத் துரு எப்படிய்யா வரும், உங்க தாத்தா காலத்துலருந்து சேத்திருக்கணும்னு தவசி சொன்னாரு. யாருமே நம்பல. நெசத்தச் சொன்னா இந்த ஊர்ல மரியாதை இல்லங்கிறது அவருக்கு அப்ப வலிச்சுது.

வெளிய ஜீப் ஆரன் அடிச்சுது. அந்தச் சத்தத்துல ராயப்பனுக்கு எங்கருந்தோ தெம்பு வந்துருச்சு. நிமிந்து நின்னாரு. தொண்டையச் சரி பண்ணிக்கிட்டாரு.

"மேடம், ஒண்ணு கேட்குறேன். இந்த எட்டுத் துப்பாக்கியும் மூணு மாசமா எங்க இருந்துச்சு? இந்த ஸ்டேஷன்ல, ஒரே அறையில. செவுத்தப் பாருங்க, ஓதமா இருக்கு. கூரையப் பாருங்க, ஒழுகுது. அப்படி இருந்தும் ஏழு துப்பாக்கி வெள்ள வெளேர்னு வந்திருக்கு. எப்படி? அறையில இருந்த மொத்தத் துருவையும் என்னுது இழுத்துக்கிருச்சு மேடம். மத்ததுக்கு எதுவும் ஆகிறக் கூடாதுன்னு அது ஒண்ணு தாங்கிக்கிருச்சு. அது குணம் அப்படி. இதுக்குப் போயி அதத் தண்டிச்சீங்கன்னா அப்புறம் உங்க இஷ்டம்."

அந்த அறையத் தினம் பார்க்கிற முத்துராசாவே ஒரு தடவ செவுத்தத் திரும்பிப் பார்த்தான். ஏட்டம்மா அந்தச் செவப்புத் தூளையும் ராயப்பனையும் மாத்தி மாத்திப் பார்த்தாங்க. அப்புறம் பேனா மூடியத் தொறந்து ஏதோ எழுதுனாங்க.

"நீங்க சொல்றது சரியாத்தான் படுது" அப்டின்னாங்க. "ஸ்டேஷன் துப்பாக்கி நாலு உள்ள இருக்கு. மழைக்காலம் வேற வருது. இது இங்கயே இருக்கட்டும். அந்த நாலையும் பார்த்துக்கட்டும்."

ரசீதுல ஒரு கையெழுத்துப் போட்டு அவரு கையில குடுத்துட்டு ஜீப்புல ஏறிப் போயிட்டாங்க. முத்துராசா ராயப்பன் துப்பாக்கிய உள்ள எடுத்துட்டுப் போறப்ப அது வழி நெடுக லேசாத் தூள் சிந்திக்கிட்டே போச்சு.

ஒன்றரை மணி பஸ்ல ராயப்பனும் சூசையும் பக்கத்துப் பக்கத்துல உக்காந்து வந்தாங்க. சூசை மடியில சாக்குல சுத்தின துப்பாக்கி. ராயப்பன் கையில ரசீது. முப்பத்தோரு வருசத்துல அந்தப் பஸ்ல அவரு வாயத் தொறக்காம வந்தது அன்னைக்கு ஒரு நாள்தான். கண்டக்டரு பக்கத்துல வந்து நின்னாரு. காய்ச்சலாண்ணேன்னு விசாரிச்சாரு. ராயப்பன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கிட்டாரு. ரெண்டு பேருக்கும் துப்பாக்கி வீடுதானன்னு கேட்டுக்கிட்டே கண்டக்டரு டிக்கெட்டக் கிழிக்கப் போனாரு.

ராயப்பன் சூசையத் திரும்பிப் பார்த்தாரு. ஒண்ணும் சொல்லிறாத மாப்ளன்னு அந்தப் பார்வை கெஞ்சுச்சு. சூசை காசை எடுத்து நீட்டுனாரு.

"எனக்குத் துப்பாக்கி வீடு ஒண்ணு"ன்னாரு. "மச்சானுக்கு அதுக்குப் பக்கத்து வீடு ஒண்ணு."